துடுப்புப் போட்ட இதயம்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

வாண்டு எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் மாமாவும் சில்லுவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முட்டிவலி குறைந்ததா?

சுகம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். சுகம்தானா என்பதைத்தான் இந்த வாரம் முழுக்க இங்கே எல்லாரும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். போனிலேயே சொல்லியிருப்பேன். சலவைக்கூடத்து இயந்திரச் சத்தத்தில் மந்தமாகிப்போன காதோடு நீ "என்னது? என்னது?" என்று கத்த, நான் இங்கே வராந்தாவில் நின்று "இதயம், இதயம்" என்று கத்த, கேட்கிறவர்கள் காதல் விவகாரம் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

ஜூன் மாதப் பெரிய போட்டிக்கு அணி எடுப்பதற்கு முன் எல்லாருக்கும் உடல் பரிசோதனை வைத்தார்கள். இந்த வருடம் புதிதாக ஒரு இதய டாக்டரம்மா வந்திருக்கிறார். விளையாட்டுக்காரர்களை மட்டும் பார்க்கிறவர். ஈசிஜி எடுத்த பெண் என் துடிப்பைப் பார்த்துவிட்டு இயந்திரத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. "ரிப்பேர் இல்ல, நான்தான் இப்படி," என்றேன். பிறகு இருட்டறையில் படுக்க வைத்து, நெஞ்சில் சில்லென்று ஏதோ பசையைத் தடவி எக்கோ எடுத்தார்கள். டாக்டரம்மா திரையில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தார்.

"உன் இதயம் பெரிசா இருக்கும்மா."

"நல்ல மனசுன்னு சொல்றீங்களா?"

அவர் சிரிக்கவில்லை.

வருடக்கணக்கில் துடுப்புப் போடுகிறவர்களுக்கு இதயம் வளர்வது சகஜமாம். ஒரு துடிப்பில் நிறைய ரத்தத்தைத் தள்ளப் பழகிவிடுவதால் மெதுவாகத் துடித்தாலே போதுமாம். "ஆனா பொம்பளைங்களுக்குப் பெரும்பாலும் உள்ளே அறைதான் அகலமாகும். சுவர் இவ்வளவு தடிக்காது. உனக்குப் பதிமூணு மில்லிமீட்டர் இருக்கு. இதே அளவு ஒரு ஆம்பளைக்கு இருந்தா நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன்," என்றார். அவர்கள் கையில் இருக்கும் அளவுகள் எல்லாம் ரொம்ப காலமாக ஆண்களை வைத்தே எடுத்தவையாம். பெண்களுக்கு எதுவரை சாதாரணம் என்பதை இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறார்களாம்.

ஆக, இது பயிற்சியால் வந்த வளர்ச்சியாகவும் இருக்கலாம். பிறவியிலேயே சுவர் தடிக்கிற நோயாகவும் இருக்கலாம். நோய் என்றால் போட்டியின் நடுவில் ஒருநாள் இதயம் அப்படியே நின்றுவிடலாம். கண்டுபிடிக்க வழி, மூன்று மாதம் பயிற்சியை அடியோடு நிறுத்துவது. உழைப்பால் தடித்தது என்றால் இறங்கும். நோய் என்றால் இறங்காது.

"வீட்டுல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று கேட்டார். அப்பா வேலையிடத்தில் விழுந்து இறந்தார் என்று மட்டும் சொன்னேன். எனக்கு அப்போது ஐந்து வயது. உனக்குத்தான் தெரியும். என்ன நடந்தது என்று எழுது. உடன்பிறந்தவளும் ஒரு எக்கோ எடுத்துப் பார்ப்பது நல்லது என்கிறார். போய்விட்டு வா, அக்கா.

மாமாவைக் கேட்டதாகச் சொல். சில்லுவுக்கு இந்தச் சித்தியின் முத்தங்கள்.

உன்,
வாண்டு


பிப்ரவரி 15

என் வாண்டுவுக்கு,

கதவில் தலை இடிக்கிற உயரம் வளர்ந்த பிறகும் வாண்டுதான் நீ. இங்கே எல்லாரும் சௌக்கியம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா?

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் உலர்த்திக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். படித்து முடிப்பதற்குள் முப்பது போர்வை காய்ந்து விறைத்துவிட்டது. எங்கள் மேற்பார்வையாளர், அதுதான் 'விசில்', வந்து கத்தினார். "என் தங்கச்சி இதயம் பெரிசாயிடுச்சு சார்," என்றேன். "உங்க குடும்பத்துல எல்லாருக்கும் வாய்தான் பெரிசு," என்கிறார். இந்த ஓட்டலில் தூங்குகிற ஒருவருக்காவது தெரியுமா, அவர்கள் விரிப்பு எவ்வளவு திட்டு வாங்கி வெளுக்கிறது என்று?

அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அடுத்த மூட்டைக்குக் குனிந்தவர் நிமிரவில்லை. அவ்வளவுதான். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் முகத்தில் துணி போட்டிருந்தார்கள். வெயிலில் மயங்கிவிட்டார் என்று சொன்னார்கள். அன்றைக்கு வானம் மூடிக்கிடந்தது. பதினாறு வயதில் எனக்கே அது உறைத்தது. ஆனால் யாரைப் போய்க் கேட்பது? அம்மா உன்னை இடுப்பிலிருந்து இறக்காமல் அழுதுகொண்டிருந்தாள். அப்பாவுக்கு அப்போது நாற்பத்தொன்று.

இதை உன் டாக்டரம்மாவிடம் அப்படியே சொல். ஆனால் எனக்கு எதற்கு எக்கோ? நானா பதினாலு வருடம் துடுப்புப் போட்டேன்? மேல்மாடி ஸ்டோருக்குத் துணிக்கூடையோடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. அது உடம்பு போட்டதால் வருவது. அதைச் சொல்ல எனக்கு டாக்டர் வேண்டாம், வீட்டுக் கண்ணாடியே சொல்கிறது.

நீ சொன்னபடி ஓய்வெடு. மூன்று மாதம் ஓடியே போய்விடும். உனக்கு நோய் கிடையாது. இது நான் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 1

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததில் பாதி நோய் போய்விட்டது. வீட்டில் எல்லாரும் தெம்பாக இருக்கிறீர்கள் அல்லவா? மாமா இப்போதும் காலை பஸ்தான் ஓட்டுகிறாரா?

சும்மா இருப்பதைப் போலக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை. விடிந்ததும் கால் தானாகப் படகுக் கொட்டகைக்குப் போகிறது. பயிற்சியாளர் மேடம் என்னைத் தம்முடைய மோட்டார் படகில் ஏற்றிக்கொள்கிறார். ஏரியில் என் படகு போக, நான் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன். என் கூட்டாளியை உனக்குத் தெரியும், துடுப்பை இழுக்கும்போதெல்லாம் எதையாவது முணுமுணுப்பாளே, அந்த முணுமுணுதான். அவளுக்குப் பின்னால் என் இடத்தில் இப்போது ஒரு புதுப் பெண். நன்றாகத்தான் போடுகிறாள். நன்றாகப் போடுகிறாள் என்பதுதான் எனக்கு வருத்தம். சின்னத்தனம் என்று திட்டாதே.

உடம்பு மாறுகிறது. படுத்தால் நெஞ்சு முன்பு போல அமைதியாக இல்லை. துடிப்பு அம்பதைத் தாண்டிவிட்டது. "நல்ல அறிகுறிதான். இன்னும் சுவர் என்ன சொல்லுதுன்னு பார்க்கணும்," என்றார் டாக்டரம்மா.

அப்பா கதையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மேகமூட்டமா இருந்துச்சுன்னு உங்க அக்கா சொன்னாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். நீ கட்டாயம் பரிசோதிக்க வேண்டும் என்கிறார். கூடப்பிறந்தவளுக்கு இதயம் சுத்தமாக இருந்தால், என்னுடையதும் பயிற்சியால் வந்ததுதான் என்று சொல்ல அது ஒரு பலம்.

அக்கா, பதினாலு வயதில் என்னைப் படகுக் குழாமில் கொண்டுபோய் விட்டவள் நீ. "பொண்ணுங்க தோள் அகலமாயிடும்" என்று அம்மா தடுத்தபோது, "ஆகட்டும், துணிக்கூடை தூக்க உதவும்" என்று சண்டை போட்டாய். நான் ஊர் ஊராகப் போட்டிக்குப் போனபோதெல்லாம் அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொண்டாய். அதற்கு நான் ஒழுங்காக நன்றி சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன். கூடவே இன்னொன்றும் கேட்கிறேன். எனக்காக ஒரு தடவை போய்ப் படு. அரைமணி நேர வேலை.

பதிலை எதிர்பார்த்திருக்கும்
வாண்டு


மார்ச் 20

வாண்டுவுக்கு,

நலம். உன் நலம் எப்படி?

போனேன். படுக்கச் சொன்னார்கள், படுத்தேன். எழுந்திருக்கச் சொன்னார்கள், எழுந்தேன். கவலைப்பட ஒன்றுமில்லை.

இங்கே வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். மாமா சுவரை விடத் தரையைத்தான் நன்றாக அடிக்கிறார். சில்லு கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். என்னை இப்போது கீழ்த்தளத்தில் துணி வாங்கி வைக்கும் மேசையில் உட்கார்த்தியிருக்கிறார்கள். முட்டிக்கு நல்லது.

உன் இதயச் சுவர் இறங்கியதா? எப்போது மறுபடி படகில் ஏறலாம் என்கிறார்கள்? அணி எடுப்பது மே மாதம்தானே? அதற்குள் டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுவிடுவார் அல்லவா?

அக்கா


மார்ச் 29

தங்கமான அக்காவுக்கு,

சௌக்கியம், சௌக்கியத்துக்கு மேலே சந்தோஷம். உன் முட்டியும் மாமாவின் வெள்ளையடிப்பும் நல்லபடியாக நடக்கட்டும்.

'கவலைப்பட ஒன்றுமில்லை' என்று நீ எழுதிய வரியை முணுமுணுவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் என்னைத் தூக்கிச் சுற்றினாள். எடை போட்டிருக்கிறேன், பாவம், பாதியிலேயே இறக்கிவிட்டாள். டாக்டரம்மாவிடமும் ஓடிப்போய்ச் சொன்னேன். "ரொம்ப நல்லது. அந்த ரிப்போர்ட்ட ஒரு நகல் அனுப்பச் சொல்லு," என்றார். தபாலில் போட்டுவிடு.

அக்கா, இங்கே சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அடுத்த மாதம் ஒரு வாரம் வீட்டுக்கு வரலாம் என்று பார்க்கிறேன். மேடமும் சரி என்றுவிட்டார். சில்லுவோடு கட்டிப்பிடித்துத் தூங்க வேண்டும். உன்னோடு ராத்திரி வம்பு பேச வேண்டும். எந்த வாரம் வரட்டும்?

உடனே எழுது. எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

வாண்டு


ஏப்ரல் 24

வாண்டுவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. வேலை அதிகம். எல்லாரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

அந்த ரிப்போர்ட் வெள்ளையடித்தபோது எங்கேயோ போய்விட்டது. தேடிப் பார்க்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன் என்று நீயே டாக்டரம்மாவிடம் சொன்னால் போதும்.

இப்போது வராதே. வீடெல்லாம் இறைந்து கிடக்கிறது, படுக்க இடமில்லை. அணியில் சேர்ந்த பிறகு வா, அப்போது நிம்மதியாகப் பேசலாம். சில்லு தானும் நாலு வரி எழுத வேண்டும் என்றாள். தாளில் இடம் இல்லை.

அக்கா


மே 2

அன்புள்ள கொழுந்தியாளுக்கு மாமா எழுதுவது.

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இத்தனை வருடத்தில் உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. இதை எழுதுவது உன் அக்காவுக்குத் தெரியாது. பஸ் டெப்போவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவளுக்கு உடம்பு சரியில்லை. பரிசோதனைக்குப் போன அன்றைக்கே டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். பிறவியிலேயே இதயச் சுவர் தடிக்கிற நோய். எக்கச்சக்கமாகத் தடித்திருக்கிறது, உள்ளே ரத்தம் நிற்க இடம் குறைவு. அதற்கு முந்தின வாரம் சலவைக்கூடத்துப் படியில் மயங்கி விழுந்திருக்கிறாள். அதனால்தான் கீழ் மேசைக்கு மாற்றினார்கள். என்னிடம்கூட டாக்டர் கேட்ட பிறகுதான் சொன்னாள். போன மாதம் சமையலறையில் இன்னொரு தடவை விழுந்தாள். சில்லு மட்டும்தான் கூட இருந்தாள்.

நெஞ்சுக்குள் ஒரு கருவி வைக்க வேண்டும் என்கிறார்கள். இதயம் தாறுமாறாக ஓடினால் அது ஒரு அடி கொடுத்து நேராக்குமாம். இவள் மாட்டேன் என்கிறாள். அணி எடுத்து முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறாள்.

"எனக்கு இருக்குன்னு தெரிஞ்சா அவளுக்கும் அதேதான்னு முத்திரை குத்திடுவாங்க. அவ பதினாலு வருஷ உழைப்பு என் ஒருத்தியால போகணுமா?" என்று கேட்கிறாள்.

"அவளுக்கும் நிஜமாவே இருந்துட்டா?" என்று நான் கேட்டேன். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்கும் வழி தெரியவில்லை. நான் வாயைத் திறந்தால் உன் பிழைப்பில் மண் விழும். மூடிக்கொண்டிருந்தால் உங்களில் யாருக்கு என்ன ஆகுமோ என்று நினைத்துக்கொண்டே ஓட்டி, பஸ்ஸை நிறுத்தத்தில் நிறுத்த மறந்துவிடுகிறேன். அதனால் உன்னிடமே சொல்லிவிட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று உனக்குச் சொல்ல எனக்குத் தெரியாது.

சில்லு தைரியமாக இருக்கிறாள். உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

மாமா


மே 10

அக்கா,

எப்படி இருக்கிறாய்? இந்தத் தடவை உண்மையான பதில் வேண்டும்.

மாமா எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே. அவர் கடிதம் என் கைக்கு வந்தது என் மறுபரிசோதனைக்கு முந்தின நாள். இடம் இல்லை என்று நீ எழுதிய தாளை எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் அதே இருட்டறை. டாக்டரம்மா திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "இறங்கிடுச்சும்மா! பதினொண்ணுக்கு வந்துடுச்சு. அறையும் சுருங்கியிருக்கு. உன் இதயம் சொன்ன பேச்சு கேட்டிருக்கு," என்றார். மேசை மேல் அனுமதித் தாள் தயாராக இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. சனிக்கிழமை அணிப் பட்டியல்.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன் அக்கா, ஒரு நிமிடம் பேசாமல்தான் இருந்தேன். சுவர் இறங்கிவிட்டதே, இனி என்ன என்று தோன்றியது. பேசாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்கும் தெரிந்துவிட்டது. அதனால் உன் மேல் கோபம் குறைந்தது. பிறகு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னேன். "எங்க அக்காவுக்கு நோய் இருக்கு. ஒண்ணுமில்லைன்னு நான் உங்ககிட்ட சொன்னது தப்பு."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "அக்கா இப்ப எங்க இருக்காங்க? கருவி வெச்சாச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். நீ எங்கோ இருக்கிற, பார்த்திராத மனுஷி. இருந்தும் மாமாவிடம் உன் டாக்டரின் போன் நம்பரை வாங்கி அப்போதே பேசினார்.

எனக்குப் புரியும்படி விளக்கினார். "உனக்கு அறை பெரிசாகி, கூடவே சுவரும் தடிச்சுது. பயிற்சிய நிறுத்தினதும் ரெண்டும் இறங்கிடுச்சு. அக்காவுக்குச் சுவர் மட்டும் தடிச்சு, அறை சின்னதாகியிருக்கு. உன்னோடது உழைச்ச இதயம்னுதான் நான் நினைக்கறேன். ஆனா நினைக்கறதை வெச்சு உன்ன தண்ணில இறக்க மாட்டேன்." முதலில் உன் ரத்தத்தில் எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். பிறகு அது எனக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்குச் சில மாதம் ஆகும்.

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். என் இடத்தில் புதுப் பெண். முணுமுணு ஒன்றும் முணுமுணுக்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் நிம்மதியாகத் தூங்கினேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். போய்க் கருவியை வைத்துக்கொள். வைத்தாயிற்று என்று உன் கையெழுத்தில் வரும்வரை, டாக்டரம்மாவே போகச் சொன்னாலும் நான் படகில் ஏறப்போவதில்லை. என் பிடிவாதம் உனக்குத் தெரியும். நீ வளர்த்த பிடிவாதம்.

உன் வாண்டு


மே 19

வாண்டுவுக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

அறிவிருக்கிறதா உனக்கு? கையெழுத்துப் போட இருந்தவரிடம் போய் ஊதிவிட்டு வந்திருக்கிறாய். நான் இரண்டு மாதம் வாயில் துணியை அடைத்துக்கொண்டு இருந்தது எதற்கு? மாமாவோடு மூன்று நாள் பேசவில்லை. அவர் சாப்பிட உட்காரும்போது நான் தட்டை வைத்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டது.

இதோடு கடிதத்தை முடித்துத் தபாலில் போடத்தான் இருந்தேன். உறை ஒட்டும்போது சில்லு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, சித்திக்கு வருமான்னு பார்க்கறாங்கள்ல. எனக்கும் வருமா?"

வாண்டு, எனக்கு அது தோன்றவே இல்லை. உன் படகு, உன் அணி, அதுவே என் கண்ணை மறைத்துவிட்டது. என் வயிற்றில் பிறந்தவளை நான் நினைக்கவில்லை. "அன்னிக்கு நீ கீழ விழுந்தப்ப நான் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அம்மான்னு கூப்பிட்டா எழுந்திரிக்கலன்னு," என்றாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதை மனதில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருக்கிறது.

அவளைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். பிறகு எழுந்து போய் மாமாவிடம், "டாக்டருக்குப் போன் பண்ணுங்க," என்றேன். அந்த மனிதர் உடனே செருப்பைப் போட்டுக்கொண்டார். போனுக்கு எதற்குச் செருப்பு என்று கேட்டால் முழிக்கிறார்.

அடுத்த வாரம் கருவி வைக்கிறார்கள். என் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டார்கள். உன் டாக்டரம்மா இங்கே இரண்டு தடவை பேசினாராம். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் மேல் கோபம் போகவில்லை. மெதுவாகப் போகும்.

சாப்பிடு.

அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

தோளில் தையல் போட்ட இடம் நன்றாக ஆறிவிட்டதா? இடது கையால் பாரம் தூக்காதே. மாமாவுக்கும் சில்லுவுக்கும் என் அன்பு.

சேதி இதற்குள் உனக்கும் வந்திருக்கும். இருந்தாலும் நான் எழுதித்தான் ஆகவேண்டும். உன் ரத்தத்தில் கண்டுபிடித்த அந்தக் கோளாறு எனக்கு இல்லை. சில்லுவுக்கும் இல்லை. இல்லவே இல்லை! டாக்டரம்மா தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை, ஆனாலும் மூன்று தடவை படித்தேன்.

ஜூன் போட்டியை மேடத்தோடு கரையில் நின்று பார்த்தேன். நம் படகு நாலாவதாக வந்தது. நான் இருந்திருந்தால் மூன்றாவதாக வந்திருக்குமா என்று நீ கேட்பாய். தெரியாது அக்கா. அந்தப் பெண் உயிரைக் கொடுத்துப் போட்டாள். கரைக்கு வந்ததும் என்னைப் பார்த்து, "உங்க இடத்தை நல்லா வெச்சுக்கலக்கா," என்று அழுதாள். அவளைப் போய்க் கரித்துக்கொட்டினேனே என்று வெட்கமாகிவிட்டது. இப்போது நான்கு பேர் படகில் அவளும் நானும் முன்பின் இடம்.

ஆமாம், மறுபடி தண்ணீரில்தான் இருக்கிறேன். இதயம் திரும்பவும் பெரிதாகும், துடிப்பு மெதுவாகும், பயப்படாதே என்கிறார் டாக்டரம்மா. வருடா வருடம் அளந்துகொண்டே வரப்போகிறார். இங்கே இருக்கிற பெண்கள் எல்லாரையும் இப்படித் தொடர்ந்து அளப்பது என்று முடிவாகியிருக்கிறது. "உன்ன மாதிரி அடுத்த பொண்ணு வரும்போது நான் மூணு மாசம் முழிச்சிட்டு நிக்கக் கூடாது பாரு," என்றார்.

முதல் நாள் துடுப்பைத் தண்ணீரில் போட்டபோது எனக்கு யார் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மாமாவுக்குச் சொன்னேன். பெயர் தெரியாத அந்த ஈசிஜிப் பெண்ணுக்கும் சொன்னேன். உனக்குச் சொல்லத் தொடங்கியபோது மூச்சு தப்பிவிட்டது, படகு ஆடிவிட்டது, மேடம் கத்திவிட்டார்.

நீ சுகமாக இரு. அது போதும் எனக்கு.

வாண்டு


நவம்பர் 14

என் கண்ணான வாண்டுவுக்கு,

உன் உடம்பு எப்படி, உன் படகு எப்படி? இங்கே மூன்று பேரும் நலம். இதை முதலில் படித்துவிட்டு, பிறகு கீழே போ. நிதானமாகப் படி.

செவ்வாய்க்கிழமை அந்தக் கருவி வேலை செய்தது.

காலை நேரம். மடிப்பு மேசையில் நானும் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணும் பெரிய விரிப்பு ஒன்றை மடித்துக்கொண்டிருந்தோம். இந்த முனை என் கையில், அந்த முனை அவள் கையில். அவள் தன் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நானும் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் குரல் தூரமாகப் போனது. விளக்கெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடுத்த நொடி நெஞ்சில் ஒரு உதை. குதிரை உதைத்தால் இப்படித்தான் இருக்கும் போல. கண்ணைத் திறந்தால், ஈரத் துணிக் குவியலில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெண் தன் முனையை விடாமல் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நிற்கிறாள். "முனையை விடும்மா, நான் இருக்கேன்," என்றேன். விசில் என்னைத் தூக்க வந்தவர் அழுதுவிட்டார். வெளியே சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் கருவியைக் கம்பியில்லாமலே ஏதோ செய்து படித்தார்கள். இதயம் தறிகெட்டு ஓடியிருக்கிறது. கருவி ஒரே அடியில் அதை நிறுத்தி, ஒழுங்காக ஓட விட்டிருக்கிறது. "இது மட்டும் இல்லைன்னா..." என்று தொடங்கிய டாக்டர், மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்துவிட்டார். மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சில்லு டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருந்தாள். முழுக்கக் குடித்தேன். அவள் எதிரே உட்கார்ந்து நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்க நான் அங்கே இருந்தேன், வாண்டு. அதை நினைத்துக்கொண்டே அந்த உப்பு டீயைக் குடித்தேன்.

மே மாதம் உன்னை அறிவிருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது. என்னை விட நிறையவே இருக்கிறது. அன்றைக்கு நீ சட்டைப் பொத்தானை மட்டும் போட்டுக்கொண்டு எழுந்து வந்திருந்தால் ஜூன் மாதம் படகில் இருந்திருப்பாய். நான் ஜூன் மாதமும் கருவி வைக்க மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். உன் பதினாலு வருடத்தில் ஒரு வருடத்தை எடுத்து என் கையில் கொடுத்திருக்கிறாய். அதை எப்படித் திருப்பித் தருவது என்று யோசித்தேன். இதெல்லாம் திருப்பித் தருகிற பொருள் இல்லை என்று மாமா சொன்னார். அவர் பேசுவதே குறைவு, பேசினால் இப்படி எதையாவது சொல்லி என்னை அழவைத்துவிடுகிறார்.

இன்னொரு சேதி. இத்தனை வருடத்தில் நீ துடுப்புப் போடுவதை நான் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. எப்போதும் ஏதாவது வேலை, வீட்டில் யாருக்காவது நோய், விடுமுறை கிடைக்காது. அடுத்த மாதம் உங்கள் ஏரியில் நடக்கிற போட்டிக்கு மூன்று பேரும் வருகிறோம். டாக்டரிடம் கேட்டாயிற்று, பயணம் செய்யலாம் என்றுவிட்டார். மாமா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்து வரப்போகிறோமே என்று இப்போதே அவருக்குக் கால் பரபரக்கிறது.

கரையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை. எந்தப் படகு உன்னுடையது என்று யாராவது எனக்குக் காட்ட வேண்டும், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்கிறாள் சில்லு. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நான் கத்தப்போகிறேன். என் காது மந்தம்தான், தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

நீ திரும்பிப் பார்க்காதே. துடுப்பைப் போடு.

உன் அக்கா